குடல் நோய்க்கு மரபணுவில் காரணம் தேடியபோது

பிறந்த சில வாரங்களிலேயே எங்கள் மகளுக்கு மலத்தில் ரத்தம் வந்தது. பலதுறை மருந்தகத்தில் பால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று பால்மாவை மாற்றச் சொன்னார்கள். நிற்கவில்லை. அப்புறம் ஆசனவாயைச் சுற்றிப் புண், விட்டுவிட்டுக் காய்ச்சல். பிள்ளைகள் மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடல் முழுக்க அழற்சி. இத்தனை சிறு வயதில் வந்தால் ஒற்றை மரபணுக் கோளாறா என்று தேடியே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். எங்கள் மூவரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

மரபணு ஆலோசகர் குடும்ப விவரம் கேட்டார். என் கணவர் என் அத்தை மகன். அதைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. எல்லோரிடமும் இப்படி மறைந்த கோளாறுகள் சில உண்டு, சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒன்றே இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான் என்றார் அவர். வீட்டில் அத்தையிடமும் அதை அப்படியே சொன்னேன். யார் வம்சம் என்ற பேச்சு அதோடு நின்றது.

ஐஎல்10 என்ற புரதத்தை அணுக்கள் உணர உதவுவது ஐஎல்10ஆர்ஏ மரபணு. மகளிடம் அதன் இரு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருந்தது. ஒன்று என்னிடமிருந்து, ஒன்று என் கணவரிடமிருந்து. இந்த மரபணு பழுதானால் குழந்தைகளுக்குக் கடும் குடல் அழற்சி வரும் என்பது 2009-லேயே தெரிந்த விஷயம். ஆனாலும் அறிக்கையில் ‘பொருள் தெளிவில்லை’ என்றே இருந்தது. இந்தக் குறிப்பிட்ட மாற்றத்தை யாரும் முன்பு பதிந்ததில்லை. இந்தியர்களிடம் சாதாரணமாகவே இருப்பதோ என்னவோ? உலகத் தரவுகளில் ஐரோப்பியர்கள்தான் அதிகம். நல்லவேளையாக, 2019-ல் இங்கே வெளியான எஸ்ஜி10கே ஆய்வில் 4,810 சிங்கப்பூரர்களின் மரபணுத் தொகுதி இருக்கிறது, அதில் 1,127 பேர் இந்தியர்கள். அவர்களில் ஒருவரிடமும் இந்த மாற்றம் இல்லை. முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அது மட்டும் போதாது என்று, மகளின் ரத்த அணுக்களில் அழற்சியை அடக்கும் ஐஎல்10 புரதத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். சரியான அணுவாக இருந்தால் உள்ளே ஸ்டாட்3 என்ற புரதம் தூண்டப்படும். அவளுடைய அணுக்களில் அசைவே இல்லை. சிகிச்சையின் பாதை அன்றே மாறியது. வழக்கமான அழற்சி மருந்துகள் இதற்குப் பெரிதாக உதவாது, ரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சைதான் வழி. அவளுடைய அண்ணனின் திசு பொருந்தியது. அவனிடம் பழுதான பிரதி ஒன்றுதான், அதனால் தடையில்லை என்றார்கள்.

தன்னிடமும் இந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, காப்பீட்டை நினைத்து என் தங்கை தயங்கினாள். 2021 முதல் இங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் மரபணுச் சோதனை செய்து வரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று ஆலோசகரே அவளுக்கு விளக்கினார். இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறாள்.