மூன்றரை வயது வாலுக்கு ஒரு பாஸ்போர்ட்

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். சரி, இந்த முறை போய்விடலாம் என்று முடிவானதும் முதல் வேலையாக மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டி வந்தது. மகளுக்கு மூன்றரை வயது. தூங்கும்போது மட்டும்தான் ஒரு இடத்தில் இருப்பாள், அதுவும் தலை ஒரு பக்கம் வைத்துப் படுத்தால் காலையில் கால் அந்தப் பக்கம் இருக்கும். இவளை வைத்துக்கொண்டு ஒரு அரசு அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து வருவது எப்படி என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை, காகித வேலை அவ்வளவு கஷ்டமில்லை.

ஆனாலும் காகிதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே ஒரு தாள் குறைந்தால் பிள்ளையோடு இன்னொரு நாள் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறந்ததும் பதிவு செய்யும்போது பெரும்பாலும் பெயர் வைத்திருக்க மாட்டோம், அதனால் அந்த இடம் காலியாகவே வந்துவிடும். ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் செலவில்லை, தாண்டினால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம், வேறெதையும் ஏற்பதில்லை. இது போக, அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட அனெக்சர் டி (பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சம்மதம் என்று எழுதும் படிவம்) உறுதிமொழி, எங்கள் இருவரின் பாஸ்போர்ட், அவளுடைய நீல ஆதார் (சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆதார்). எங்கள் பாஸ்போர்ட்டுகளில் கணவர் மனைவி பெயர் ஏற்கெனவே ஏறியிருந்ததால் எங்களிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு எப்போதும் வரும் தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைச் சும்மா விட்டுவிடலாம் என்று என் கணவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2022-ல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று சொன்னபோது எங்கள் தெருவில் ஒரு குடும்பமே பெட்டி கட்டி வைத்துவிட்டு விழித்துக்கொண்டு இருந்தது. அப்பா பெயரை அங்கே போட்டுவிட்டோம், வேலை முடிந்தது. கட்டணம் 1000 ரூபாய், எட்டு வயதுக்குள் என்றால் பத்து சதவீதம் குறைத்து 900.

அப்புறம் போட்டோ. பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலேயே, அதாவது விண்ணப்பத்தோடு நேரில் போகும் அலுவலகத்திலேயே எடுத்துவிடுவார்கள், நாலு வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் நாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரர் முதலில் சொன்னது, "கன்னத்துல இருக்க மையை அழிச்சிருங்க." கூட வந்த ஆச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே கூட்டிப்போகும் பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு இல்லாமல் எப்படி? கடைசியில் கன்னத்து மையைத் துடைத்துவிட்டு உள்ளங்காலில் வைத்தார்கள், இரண்டு தரப்புக்கும் திருப்தி. ஆனால் பாப்பாவுக்குத் திருப்தியில்லை. காலில் பொட்டு வைத்த பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு கிளிக்குக்கும் காலைத் தூக்கிப் பார்த்தாள். சிரி என்றால் முப்பத்திரண்டையும் காட்டுவாள் (இருப்பது இருபதுதான்), சிரிக்காதே என்றால் உதட்டை உள்ளே இழுத்துக் கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்வாள். அந்த மனிதர் பொறுமைசாலி. கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "பாப்பா, இதுக்குள்ள ஒரு பல்லி போச்சு, தெரியுதா பாரு" என்றார். வாயை மூடி, கண்ணை விரித்து, நேராகப் பார்த்தாள். அதுதான் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

அலுவலகத்துக்கு வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். "அங்கே போனா சமர்த்தா இருக்கணும்" என்று என் மாமியார் நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வயசுப் பிள்ளைக்குச் சமர்த்து என்றால் என்ன என்று எப்படித் தெரியும்? அங்கே என்ன நடக்கும் என்று காட்டினால் தெரியும். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவள் அதிகாரி, இந்தப் பக்கம் நான். பழைய காலண்டர் தாளைக் கிழித்து டோக்கன். "அடுத்த ஆளு வாங்க" என்பாள், நான் போய் நிற்பேன், பேர் கேட்பாள், வெண்டைக்காய்க் காம்பை மையில் தொட்டு சீல் வைப்பாள். தாத்தா, ஆச்சி, பால்காரர் எல்லோருக்கும் சீல் விழுந்தது. இதில் காத்திருப்பதும் ஒரு பகுதி என்பதால் சில தடவை நான் அதிகாரியாகி, தாத்தாவுக்கு முதலில் சீல் வைத்து அவளை உட்கார வைத்தேன். முதல் தடவை ஒரே அழுகை. பிறகு பழகிவிட்டது.

அலுவலகத்துக்குப் போகும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவள் மதியத் தூக்கத்தைக் கணக்கில் வைத்து காலையிலேயே எடுத்தேன். திருநெல்வேலி சேவா கேந்திரத்துக்கு நானும் அவளும் மட்டும் உள்ளே போனோம், கணவர் வெளியே வண்டியருகே. உள்ளே மூன்று கட்டம்: ஏ கவுன்டரில் தாள்களை ஸ்கேன் செய்வார்கள், பி-யில் அசலைச் சரிபார்ப்பார்கள், சி-யில் அனுமதி கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் திரையில் நம் டோக்கன் எண் வரும். டோக்கன் சீட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன், நம்பர் வந்தால் எனக்குச் சொல்வது அவள் பொறுப்பு. யார் நம்பர் வந்தாலும் "வந்துட்டு, வந்துட்டு" என்று கத்தினாள், பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், ஆனால் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. எனக்கு அது போதும்.

கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெருவிரல் ரேகை, பெண் குழந்தை என்பதால் வலது கை. மை பட்டதும் ஆளுக்குக் கொண்டாட்டம். கட்டத்துக்குள் ஒன்று வைத்தாள், அதற்குள் அடுத்ததை என் சுடிதாரில் வைத்துவிட்டாள். ஈரத்துணி கொண்டுபோங்கள்.

சி கவுன்டருக்கு முன்னால்தான் சரக்குத் தீர்ந்தது. முறுக்கு முடிந்துவிட்டது, திரை நகரவில்லை, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டாள். போனைக் கொடுத்தால் ஒரு நொடியில் அடங்கிவிடுவாள், ஆனால் கூப்பிடும்போது பிடுங்க வேண்டும், அந்தக் கூச்சலுக்கு இந்தத் தரையே மேல் என்று விட்டுவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள்தான், பார்க்கட்டும். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி குனிந்து, "ஏட்டி, என் நம்பர் என்னன்னு பாத்துச் சொல்லு, எனக்குக் கண்ணு தெரியல" என்று சீட்டை நீட்டினார். இவள் தவழ்ந்து வெளியே வந்து இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு பாட்டியின் எண்ணைச் சத்தமாகப் படித்தாள், தப்பாகத்தான். அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒரு கட்சி.

உள்ளே இருந்த அதிகாரி "பாப்பா பேரென்ன?" என்று கேட்டார். "சொல்ல மாட்டேன். நீங்க சீல் எப்போ வைப்பீங்க?" அவர் சிரித்துக்கொண்டே ஏதோ தட்டினார், முடிந்துவிட்டது. அங்கே சீல் கிடையாது, எல்லாம் கணினியில்தான். இந்த ஏமாற்றத்துக்கு வாசலில் சர்பத் வாங்கிக்கொடுத்துச் சமாளித்தார் அவள் அப்பா.

எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் இருந்ததால் போலீஸ் விசாரணை எதுவும் வரவில்லை. ஸ்பீடு போஸ்ட்டில் நேராக வீட்டுக்கு வந்தது, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் கொடுத்தார் தபால்காரர். ஐந்து வருடம்தான் செல்லும். புத்தகத்தை பீரோவின் மேல் தட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், ஸ்கெட்ச் பேனாவோடு அலையும் ஆள் வீட்டில் இருக்கும்போது வேறு வழியில்லை. ஒரு கோடு விழுந்தாலும் பழுதான பாஸ்போர்ட் என்று விமான நிலையத்தில் திருப்பி அனுப்பலாம்.

இனி விசா. அதற்கும் வெள்ளைப் பின்னணிப் படம்தான், மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். டிக்கெட் போடத் தாமதமாவதைப் பார்த்தால் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போக வேண்டி வரும் போலிருக்கிறது. பல்லிக் கதை இரண்டாவது தடவை எடுபடாது, வேறு யோசித்துக்கொண்டிருக்கிறோம்.