கரோலினாவின் காராமணிச் சோறு: செய்து பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் புத்தாண்டு நாளில் சமைக்கப்படும் ‘ஹாப்பின் ஜான்’ என்னும் காராமணிச் சோற்றை, 1847இல் அங்கே அச்சான செய்முறை ஒன்றைப் பின்பற்றிச் சில வாரங்களாகச் செய்து பார்த்து வருகிறேன். பயறும் அரிசியும் சம அளவு. பயறு பாதி வெந்ததும் பன்றி இறைச்சியைச் சேர்த்து, நன்றாக வெந்தபின் கழுவிய அரிசியை அதிலேயே போட்டு, அரை மணி நேரம் கொதித்ததும் பானையைத் தணல்மேல் வைத்துப் புழுங்கவிட வேண்டும். அதை நூலில் எழுதியவர் சார்ல்ஸ்டன் நகரின் மேல்குடிப் பெண். அக்குடும்பங்களின் அடுப்படியில் நின்று சமைத்தவர்களோ அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்கள்.

சிவப்புக் காராமணியை ஊறவைத்து அடிகனமான பாத்திரத்தில் வேகவைத்தேன். நீர் செங்காவி நிறமாகி, பின்னர் அரிசியிலும் அந்த நிறம் ஏறியது. பொன்னிப் பச்சரிசிக்கு அரை மணி நேரக் கொதி அதிகம் என்பதால், நீர் வற்றத் தொடங்கியதுமே தீயைத் தணித்து மூடிவிடுகிறேன். சோறு உதிரியாக வருகிறது, பயறும் உடைவதில்லை. கஞ்சி வடிக்காததால் பயற்றின் சாறு முழுவதும் சோற்றிலேயே தங்கிவிடுகிறது. இந்த உணவின் சுவையே அதுதான் என்பது என் கருத்து. இறைச்சிக்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றினேன். எள்ளும் கரோலினாவில் ஆப்பிரிக்கர்கள் தங்கள் சிறு தோட்டங்களில் வளர்த்த பயிர் என்பதால், இந்த மாற்றம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

காராமணியின் தாயகம் ஆப்பிரிக்கா. அடிமைக் கப்பல்களில் உணவுக்காக ஏற்றப்பட்ட பயறும் உமி நீக்காத நெல்லும் அக்கரையில் விதையாயின. மேற்கு ஆப்பிரிக்கர் நைஜர் ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பே தமக்கென ஒரு நெல்லினத்தைப் பயிராக்கியவர்கள். தென் அமெரிக்க நாடான சூரினாமில், தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் குடியேறியவர்களின் சந்ததியினர் அந்த நெல்லை இன்றும் விளைவிக்கிறார்கள். கரோலினாவின் பெருந்தோட்டங்களில் ஆசிய நெல்லே பெருமளவில் விளைந்தது என்றாலும், சதுப்பைத் திருத்தி வரப்பு கட்டியதும், உரலில் குத்தியதும், புல்லால் முடைந்த முறத்தில் புடைத்ததும் ஆப்பிரிக்கக் கைகளே. அந்த உழைப்பில் தோட்ட முதலாளிகள் பெருஞ்செல்வர் ஆனார்கள். உழைத்தவர்களுக்குக் கூலிகூட இல்லை. இதை அறிந்தபின் இந்தச் சோற்றை வெறும் விருந்துணவாக என்னால் கருத முடியவில்லை.

அடுத்ததாக, வெண்டைக்காயை அரிசியுடன் வேகவைக்கும் அப்பகுதிச் சோற்றைச் செய்ய இருக்கிறேன். வெண்டையும் ஆப்பிரிக்கர்களோடு அமெரிக்கா சேர்ந்த காய்தான். அதன் கொழகொழப்பு சோற்றை ஒட்டவைக்காமலிருக்க, முதலில் எண்ணெயில் நன்கு வதக்கிக்கொள்ள வேண்டும்.