ஒரே ரத்தம், இரண்டு சோடியம்

ஐசியூவில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் என்னை அதிகம் குழப்பியது வென்டிலேட்டர் இல்லை, எலக்ட்ரோலைட் ரிப்போர்ட்தான்; ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள் எவ்வளவு என்று சொல்லும் தாள். ஒரு பாட்டிக்கு ஒரே நேரத்தில் எடுத்த ரத்தம். எங்கள் வார்டிலேயே இருக்கும் ஏபிஜி மெஷினில் (தமனி ரத்தத்தின் வாயுக்களையும் உப்புகளையும் அளப்பது) சோடியம் 131, லேப்பிலிருந்து வந்த தாளில் 137. ஒன்று குறைவு, இன்னொன்று நார்மல். எதை நம்பி டிரிப்ஸை மாற்றுவது?

டூட்டி மேடம் ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கச் சொன்னார். 1.9, ரொம்பக் குறைவு. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. லேப்பில் இருக்கும் பெரிய அனலைசர் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) நீர்க்கச் செய்துவிட்டுத்தான் அளக்கும். அதில் சுமார் 93 சதவீதம் தண்ணீர், மீதி புரதமும் கொழுப்பும் என்று வைத்துக்கொண்டு விடை சொல்லும். புரதம் வற்றிப்போன உடம்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தண்ணீரின் பங்கு கூடியிருப்பதால் சோடியம் கூடுதலாகத் தெரியும். ஏபிஜி மெஷின் ரத்தத்தை நீர்க்காமல் அளப்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறியவர்களுக்கு இதுவே தலைகீழ்: லேப் சோடியம் பொய்யாகக் குறைந்து காட்டும்.

ஐசியூவில் அல்புமின் சரியாக இருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் சோடியத்தை ஏற்றும்போது முதலிலிருந்து கடைசிவரை ஒரே மெஷினில்தான் பார்ப்போம். நாள்பட்ட குறைவை 24 மணி நேரத்தில் 8, 10க்கு மேல் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். காலையில் ஏபிஜி, மாலையில் லேப் என்று மாற்றிப் பார்த்தால் மெஷின் வித்தியாசமே 6 வந்துவிடுகிறது. உண்மையில் எவ்வளவு ஏறியது என்று யார் சொல்வது? சார்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த மெஷின் என்றும் எழுதிவிடுவோம்.

ரத்தம் எடுப்பதிலும் சங்கதி இருக்கிறது. டிரிப்ஸ் ஓடும் கையில் எடுக்கக் கூடாது. ஆர்ட்டீரியல் லைனில் (தமனியில் செருகி வைத்திருக்கும் குழாயில்) எடுத்தால் குழாயில் நிற்கும் சலைன் கலக்காதபடி முதலில் வருவதைத் தனியே இழுத்துவிட வேண்டும். சிரிஞ்சில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் திரவ ஹெப்பாரின் மிச்சமிருந்தால் கால்சியம் குறைந்து காட்டும். குமிழைத் தட்டி வெளியேற்றி, மத்தைக் கடைவதுபோல் சிரிஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி, உடனே மெஷினில் வைக்க வேண்டும்.

ஏபிஜிக்கும் ஒரு குறை உண்டு. அணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசிந்திருந்தால், லேப்பில் சீரம் சிவந்திருப்பதைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். முழு ரத்தத்தை அளக்கும் எங்கள் மெஷினில் அது தெரியாது.

ஒரு நைட் டூட்டியில் லேப்பிலிருந்து போன்: "சிஸ்டர், பொட்டாசியம் 7.4." அந்த அளவுக்கு இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். இதயத்தைக் காக்கும் கால்சியம் குளூக்கோனேட் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடினோம். ஆளோ படுத்தபடி காபி கேட்கிறார்! பொட்டாசியம் ஏறினால் ஈசிஜியில் டி அலை கூர்மையாக எழும்; இங்கே எழவில்லை. அதே ரிப்போர்ட்டில் கால்சியம் 4.1 என்று இருந்ததை மேடம்தான் கவனித்தார். அவ்வளவு குறைந்திருந்தால் கை கால் இழுத்திருக்கும். ஏபிஜி போட்டோம், பொட்டாசியம் 4.2.

விசாரித்தபோது தெரிந்தது: இந்த டெஸ்டுக்கான மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் போதாமல், ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஊதா டியூபில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதாக எடுத்து அனுப்பிய சாம்பிளில் லேப்பிலும் 4.3தான் வந்தது. முதல் ரிப்போர்ட்டை நம்பி இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றியிருந்தால், சரியாக இருந்த பொட்டாசியத்தை நாங்களே இறக்கிவிட்டிருப்போம்.