அறிக்கையின் கடைசி வரி

மாணவன் ஒருவனின் அறிக்கையில் அந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அவன் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

திருவண்ணாமலைப் பக்கம் கறுப்பு கிரானைட் என்று வெட்டி அனுப்புகிறார்களே, அந்த டோலரைட் டைக்குகளின், அதாவது பிளவில் ஏறிய பாறைக்குழம்பு சுவர்போல் உறைந்த பாறைகளின், திசையை அளந்து களப்பணி அறிக்கை எழுதியிருந்தான். அளவுகளில் குறையே இல்லை. கடைசியில், ‘இவை ஓடும் திசையில்தான் அன்று நிலத்தில் அமுக்கம் அதிகம்’ என்று முடித்திருந்தான். எரிமலைகளுக்கு நான் வகுப்பில் சொன்னதை ஊர்ப் பாறைக்கு அப்படியே பொருத்திவிட்டான்.

நான் சொன்னது, ஜப்பானிய எரிமலை ஆய்வாளர் நகமுரா 1977-இல் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளின் எரிமலைகளை வைத்து எழுதியது. மாக்மா, அதாவது உருகிய பாறைக்குழம்பு, நிலத்தைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. எந்தப் பக்கம் அமுக்கம் குறைவோ, பிளவு அந்தப் பக்கம் விரியும். அமுக்கம் மிகுந்த திசையில் நீளும். சரிவில் பக்கவாய்கள் அந்தக் கோட்டிலேயே வரிசையாகத் திறக்கும், மலையும் அப்படியே நீண்டு வளரும். ஃபுஜியில் அந்தக் கோடு வடமேற்கு–தென்கிழக்கு. 1707-இல் வெடித்த ஹோயெய் வாய் தென்கிழக்குச் சரிவில்தான் இருக்கிறது. பிலிப்பைன் கடல் தட்டு என்கிற புவியோட்டுத் துண்டு முட்டுவதும் வடமேற்கு நோக்கி.

“ஃபுஜிக்கு ஒத்துக்கிறீங்க, இதுக்கு மட்டும் ஏன் சார் மாட்டேங்கிறீங்க?”

“அங்க தட்டு நகர்றதை இன்னைக்கும் ஜிபிஎஸ்ல அளக்கலாம்பா. இங்க எதை வச்சுச் சரிபார்ப்ப?”

“சரிபார்க்க முடியாத இடத்துக்குத்தானே சார் இந்த முறையே வேணும்?”

என் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்த டைக்குகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. மேலே எரிமலை இருந்திருந்தாலும் அது எப்போதோ கரைந்துபோயிருக்கும். மாக்மா புதிதாகப் பிளக்காமல், சுற்றியுள்ள பழைய நைஸ் பாறையில் ஏற்கெனவே இருந்த விரிசலில் புகுந்திருந்தால், திசை அந்த விரிசலுடையது. அன்றைய தகைவைப் பற்றி, அதாவது நிலத்தை அமுக்கிய விசையைப் பற்றி, அது எதுவும் சொல்லாது. எல்லா டைக்கும் ஒரே காலத்தவை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், இந்தியாவே இடம்பெயர்ந்து திரும்பியிருக்கிறது. இன்றைய வடக்கு அன்றைய வடக்கு இல்லை. இத்தனையையும் தாண்டி ஒரே வரியில் முடிவு எழுதுவதை எப்படி விட முடியும்?

ஆனால் செவ்வாய்க் கிரகத்தில் தார்சிஸ் என்ற எரிமலை மேட்டைச் சுற்றி விரியும் பிளவுகளைக் காட்டி, அங்கிருந்த பழைய தகைவைப் பற்றி நானே உற்சாகமாகப் பாடம் நடத்துகிறேன். அங்கே யாரும் ஜிபிஎஸ் நட்டு வைக்கவில்லை. அங்கே பொறுத்துக்கொள்ளும் ஐயத்தை, பேருந்தில் போய் சுத்தியலால் தட்டிப் பார்க்கக்கூடிய பாறையில் ஏன் பொறுக்கவில்லை? பக்கத்தில் இருப்பதால் கூடுதல் கவனம் என்று சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது போதுமானதாகத் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை.

அடித்த வரிக்குப் பக்கத்தில் ‘வயது தெரிந்தால் மட்டும்’ என்று எழுதித்தான் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தேன். வயது பார்க்க ஐசோடோப்பு ஆய்வுக்கூடம் வேண்டும். இளநிலை படிக்கிற பையன் அதற்கு எங்கே போவான்?