பல்லைக் கடித்தால் வரும் சிரிப்பு

என் மகள் பிறந்த புதிதில் அவளுக்குப் பால் உறிஞ்சத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். உதடு சேராது, பால் ஓரமாக வழிந்துவிடும். தூங்கும்போதும் கண் முழுதாக மூடாது. வீறிட்டு அழுவாள், முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. மோபியஸ் சின்ட்ரோம் என்றார்கள். முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும், கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும் ஆறாவது நரம்பும் கருவிலேயே சரியாக வளரவில்லை. கர்ப்பத்தில் நான் என்ன தப்பு செய்தேன் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன். பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என டாக்டர் சொன்ன பிறகும் அந்த யோசனை போக நாளாயிற்று.

ஆறு வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தவள், "நீ ஏன் எப்பவும் கோவமாவே இருக்கேன்னு கேக்கிறாம்மா. நான் சிரிச்சுட்டுத்தான் இருந்தேன்" என்றாள். வீட்டில் எங்களுக்கு அவள் சிரிப்பு தெரியும். தோள் இரண்டும் குலுங்கும், குரல் கீச்சென்று ஏறும். வெளியில் யாருக்கும் அது தெரியவில்லை. ஆபரேஷன் பற்றி விசாரிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

சர்ஜன் ஒரு தாளில் வரைந்து காட்டினார். தொடையின் உட்பக்கத்தில் கிராசிலிஸ் என்றொரு நீளத் தசை. அதில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, வாயோரத்திலிருந்து காதுப் பக்கமாகக் கன்னத்துக்குள் வைத்துத் தைப்பார்கள். நடைக்குப் பாதிப்பு வராது, மற்ற தசைகள் பார்த்துக்கொள்ளும். 1976-லேயே ஜப்பானில் ஹாரி என்பவரின் குழு இதைச் செய்து எழுதியிருக்கிறது என்று கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

சரி, புதுத் தசையை எந்த நரம்பு இயக்கும்? ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தவர்களுக்கு மறுபக்கத்து நரம்பிலிருந்து இணைப்புக் கொடுக்கலாம். இவளுக்கு இரண்டு பக்கமும் இல்லை. சர்ஜன் அவள் தாடையில் விரலை வைத்து, "நறுக்குன்னு கடி, பார்ப்போம்" என்றார். விரலுக்கடியில் சதை புடைத்தது. மெல்லுவதற்கான ஐந்தாவது நரம்பு நன்றாக வேலை செய்கிறது, அதன் ஒரு கிளை போதும் என்றார். அதாவது, பல்லைக் கடித்தால் சிரிப்பு வரும்.

முதலில் வலது பக்கம், சில மாதம் கழித்து இடது. எட்டு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது எல்லாப் பெற்றோருக்கும் ஒன்றுதான். எனக்குக் கஷ்டமாக இருந்தது அதற்கப்புறம். கன்னம் வீங்கி இறங்கியது, காயம் ஆறியது, முகம் பழையபடி அசையாமலே இருந்தது. நரம்பு தசைக்குள் வளர்ந்து சேர மாதக்கணக்காகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தெரிந்திருந்தும் தினமும் பார்த்தேன். பதினோராவது வாரம், கண்ணாடி முன் பல்லைக் கடித்தபோது வலது வாயோரம் எறும்பு ஊர்ந்த மாதிரி நகர்ந்தது. "இன்னொரு தரம்" என்று கேட்டுக் கேட்டு அவளைக் களைக்க வைத்துவிட்டேன்.

அது தப்பு. பயிற்சி முக்கியம்தான், இரண்டு ஓரமும் ஒன்றாக, அளவாக ஏற வேண்டும், மூளைக்குப் பழக வேண்டும். ஆனால் நான் எண்ணிக்கை வைத்து விரட்டியதில் ஒரு நாள் அவள் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். அதன் பிறகு நேரத்தை அவளையே முடிவு செய்யச் சொன்னேன். இப்போது தொடங்கப்போகிற பெற்றோருக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

எல்லாம் மாறிவிடவில்லை. வாயோரம் வழிவது குறைந்திருக்கிறது. ஆனால் உதடு சேர வேண்டிய 'ப'வும் 'ம'வும் இன்னும் சிரமம். இரவில் கண்ணுக்கு மருந்து போட்டுத்தான் தூங்குகிறாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். தம்பி சட்டையைக் கழற்றத் தெரியாமல் தலை மாட்டிக்கொண்டு அறைக்குள் சுற்றினான். இவள் வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஓரமும் மேலே போயின.

"கடிச்சியாடி?" என்றேன்.

"எதை?" என்றாள்.