மருந்தில்லாமல் இறங்கிய குண்டு

துப்பாக்கியின் விசையை அழுத்தினேன். குழலை ஒட்டி வெளியே இருக்கும் சின்னக் கிண்ணியில் இருந்த மருந்து மட்டும் புஸ்ஸென்று பிடித்து, கண்ணுக்கு நேரே ஒரு கொத்துப் புகை எழும்பியது. அவ்வளவுதான். வெடி கிளம்பவில்லை.

இப்படி ஆனால் துப்பாக்கியை உடனே கீழே இறக்கக் கூடாது. உள்ளே பொறி கனன்றுகொண்டிருந்து தாமதமாக வெடிக்கலாம். குறிமேடைப் பக்கமே நீட்டிப் பிடித்தபடி ஒரு முழு நிமிடம் நின்றேன். தோள் வலித்தது. பிறகு கிண்ணியிலிருந்து குழலுக்குள் நெருப்பு போகும் துளையான பற்றுவாயை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, கிண்ணியில் புது மருந்து போட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் புஸ்.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். 70 கிரெயின் (சுமார் நாலரை கிராம்) மருந்து அளந்து வைத்த பித்தளை அளவுக் குழாய், விளிம்பு வரை நிறைந்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

பென்சில்வேனியாவுக்கு வேலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. இங்கே மான் வேட்டைக்கு ஒரு வினோதமான பருவம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26-ல் தொடங்கும். அதில் சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டும் துப்பாக்கி மட்டும்தான் செல்லும். 1974-லிருந்து நடக்கிறது. தொப்பி போன்ற சின்ன உலோக வெடிமூடி வைத்து வெடிக்கும் பிற்காலத் துப்பாக்கிக்குக்கூட அதில் இடமில்லை. இதே மாநிலத்தின் லங்காஸ்டர் பகுதியில்தான் 18-ம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழல் துப்பாக்கிகளைச் செய்தார்கள். பேர் என்னவோ கென்டக்கி ரைஃபிள் என்று அமைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை தன்னுடையதைச் சுடக் கொடுத்தார். அந்த நீலப் புகையும் கந்தக வாடையும் ஊர்த் திருவிழா அதிர்வேட்டு மாதிரியே இருந்தன. அடுத்த மாதமே, பழைய மாதிரியில் புதிதாகச் செய்த ஒன்றை வாங்கிவிட்டேன். குழல் துளை 0.50 அங்குலம்.

கெட்டிப்பது, அதாவது மருந்தும் குண்டும் ஏற்றுவது, எளிது. முதலில் மருந்து, பிறகு எண்ணெய் தடவிய துணித்துண்டில் வைத்து 0.490 அங்குல ஈயக் குண்டு. கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். கடைசியாகக் கிண்ணியில் கொஞ்சம் பொடி மருந்து. எளிதாக இருப்பதுதான் வினை. கை பாட்டுக்குச் செய்துகொண்டே போகும். பக்கத்து மேசைப் பையன் ஒருவன் "இது எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்டான். நான் லங்காஸ்டர் கொல்லர்களில் ஆரம்பித்தேன். கதை முடிவதற்குள் குண்டு உள்ளே போய்விட்டது, மருந்து வெளியே நின்றுவிட்டது.

கோலை விட்டுப் பார்த்தேன். சரியாகக் கெட்டித்திருந்தால் கோல் எதுவரை இறங்கும் என்று கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். இப்போது அந்தக் கீறல் குழல் வாய்க்கு உள்ளே ஒன்றரை அங்குலம் முழுகிக் கிடந்தது. 70 கிரெயின் மருந்து அந்தக் குழலில் பிடிக்கும் உயரம் ஏறக்குறைய அதுதான். நிறைந்த அளவுக் குழாயும் முழுகிய கீறலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. இது முக்கியம். உள்ளே மருந்து இல்லை என்று உறுதியாகத் தெரிவது வேறு, இருக்காது என்று நினைத்துக்கொள்வது வேறு. தெரியாதவரை அது கெட்டித்த துப்பாக்கிதான்.

அடுத்த மேசையில் வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர் இருந்தார். "இதுவரை ஒருதடவைகூட இப்படிச் செய்யாதவன் இன்னும் ஒழுங்காகச் சுட ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அவர் காட்டிய வழி, பற்றுவாய் வழியாகவே மருந்தை ஊட்டுவது. கிண்ணியில் பொடி மருந்தைப் போட்டு, துப்பாக்கியைச் சாய்த்து, மறுபக்கம் தட்டித் தட்டி, கம்பியால் உள்ளே தள்ள வேண்டும். துளை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. பல் குத்தும் குச்சியால் எறும்புக்குச் சோறு ஊட்டுவது போல இருந்தது. நாலைந்து சிட்டிகை போனதும், குண்டு அடியில்தான் இருக்கிறதா என்று கோலால் இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மேட்டைப் பார்த்துச் சுட்டேன்.

புஸ். ஆனால் இந்த முறை உள்ளேயும் ஏதோ இருமியது.

கோல் இப்போது ஒரு சாண் அதிகமாக வெளியே நின்றது. குண்டு கிளம்பி, பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வெடிக்குப் பிறகு ஈரத் துணி விட்டுத் துடைத்திருந்தேன். குழலின் அடி காயவே இல்லை. பாதி மருந்து சேறாகிப்போயிருக்கும்.

ஆபத்து இங்கேதான். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்போது மறுபடி சுட்டால், குண்டு குழலில் அடைத்த மூடி மாதிரி ஆகிவிடும். குழல் வீங்கும், கெட்ட நேரம் என்றால் பிளக்கும். அதனால் குண்டை மறுபடி அடிவரை தள்ளிவிட்டுத்தான் எதுவும் செய்யலாம். தள்ளினோம். நாலு விரல் மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டது. துணி சுருண்டு, கரியோடு சேர்ந்து இறுகிவிட்டது போல. தாடிக்காரர் கோலை என் கையில் கொடுத்தார். "இனி இங்கே வேண்டாம். உள்ளே இருப்பதை நனைத்து வீட்டுக்குக் கொண்டு போ" என்றார்.

அங்கேயே கல்லைக் கழற்றி, கிண்ணியைத் துடைத்து, பற்றுவாய் வழியாகத் தண்ணீர் விட்டேன். வீட்டுக்கு வந்து பக்கவாட்டுத் திருகாணிகள் இரண்டையும் கழற்றி விசைப் பொறியை முழுதாக வெளியே எடுத்து வைத்தேன். பொறி தட்ட இனி அதில் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் பிளாஸ்டிக் ஊசிக்குழாயால் மறுபடி தண்ணீர். கறுப்பாக ஒழுகியது. கருமருந்து நனைந்தால் செத்துவிடும் என்பது இந்த விஷயத்தில் பெரிய ஆறுதல். குழல் வாய் வழியே கொஞ்சம் எண்ணெயும் விட்டு, ஓர் இரவு அப்படியே நிறுத்தி வைத்தேன்.

மறுநாள் குண்டு இழுக்கும் திருகாணியை எடுத்தேன். மரத்தில் போடும் ஸ்குரூ போன்ற முனை, அது குழலின் நடுவில் நிற்க ஒரு பித்தளை வளையம். கோலின் நுனியில் மாட்டி, ஈயத்தில் கடிக்கும் வரை திருகி, இழுக்க வேண்டும். சுத்த ஈயம் மெத்தென்று இருப்பதால் நன்றாகவே கடித்தது. குழல் வாய்க்கு நேரே முகத்தைக் காட்டாமல் ஓரமாக நின்று, காலால் உதைத்துக்கொண்டு இழுத்தேன். சட்டென்று வந்துவிட்டது. மல்லாந்து விழாத குறை.

வந்தது குண்டு அல்ல, வெறும் கோல். நுனிப் பித்தளைப் பூண், திருகாணி, குண்டு மூன்றும் உள்ளே.

துப்பாக்கியோடு வரும் மரக்கோலில் பூணை வெறும் பசையால் ஒட்டியிருப்பார்கள். இழுப்பு வேலைக்குக் குறுக்கே ஆணி அடித்த பூண் உள்ள இரும்புக் கோல்தான் வேண்டும். இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். இரும்புக் கோல் வாங்கக் கடை திறக்கும் திங்கட்கிழமைவரை காத்திருக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

"சாப்பிட வர்றீங்களா, இல்ல அதையே கட்டிக்கிட்டு இருக்கப் போறீங்களா?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே இங்கேயே இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்த குடும்பம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே கேள்விதான் கேட்டான்: "அண்ணே, அந்தப் பத்த வைக்கிற ஓட்டை தனியா திருகி எடுக்கிற மாதிரி இருக்கா?"

இருந்தது. பல துப்பாக்கிகளில் பற்றுவாய் என்பது குழலில் போட்ட வெறும் துளைதான். என்னுடையதில் கால் அங்குலத் திருகு உறை ஒன்றில் அந்தத் துளை இருந்தது. கழற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அங்குலத்துக்கு 28 மரை. புல் வெட்டும் டிராக்டருக்கு வைத்திருந்த கிரீஸ் நிப்பிள்களில் (கிரீஸ் ஏற்றும் முனை) ஒன்றை எடுத்து, உறை இருந்த இடத்தில் கையால் திருகினான். பிசகாமல் இறங்கியது. வற்புறுத்தித் திருக வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம். குழலின் மரை போனால் அப்புறம் அது சுவரில் மாட்டத்தான் ஆகும்.

குழல் வாயை ஒரு வாளியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்து அதன்மேல் சாய்த்தோம். நான் பிடித்துக்கொள்ள, அவன் கிரீஸ் கன்னை, அதாவது கிரீஸைத் தள்ளும் கைப்பம்பை, அடித்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. குண்டுக்குக் கீழே இருந்த வெற்றிடம் நிரம்ப வேண்டுமே. அப்புறம் கைப்பிடி கனத்தது. "இறுகுதுண்ணே" என்றான். இன்னும் ஒரு தடவை அடித்தான். உள்ளே 'டுக்' என்று ஒரு சத்தம். என் உள்ளங்கையில் அது தெரிந்தது. அதற்குப் பிறகு வெண்ணெய்தான். ஒரு தடவை அடித்தால் குண்டு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகரும். எண்பது வரை எண்ணினோம், பிறகு பேச்சில் எண்ணிக்கை தவறிவிட்டது. பேச்சுதான் எனக்கு எப்போதும் எமன்.

கரியமில வாயுக் குப்பியை வைத்து ஊதித் தள்ளும் கருவியும் கடையில் கிடைக்கிறது. வேலை நொடியில் முடியும். ஆனால் வாயு அமுங்கி விரிவது, குண்டு சுட்ட மாதிரியே பறக்கும். கிரீஸ் அமுங்காது. குழல் வாய்க்கு வந்த குண்டு பறக்கவில்லை, பற்பசை மாதிரிப் பிதுங்கி, பூண், திருகாணி, குண்டு மூன்றும் கோத்தபடி துண்டில் பொத்தென்று விழுந்தன. பின்னாலேயே துணித்துண்டும், பாம்பு போல ஒரு கிரீஸ் வாலும்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். மூன்றடிக்கு மேல் நீளமுள்ள குழல் முழுக்க கிரீஸ். துணிப்பந்து விட்டுத் தள்ளி, மண்ணெண்ணெய், அப்புறம் பாத்திரச் சோப்பும் கொதிநீரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது. பெட்ரோலிய எண்ணெய் மிச்சம் இருந்தால் கருமருந்துக் கரியோடு சேர்ந்து தார் போலப் பிடித்துக்கொள்ளும் என்பதால் விட மனசில்லை. காய்ந்ததும் டார்ச் அடித்து உள்ளே வளையம் மாதிரி நிழல் ஏதும் விழுகிறதா என்று பார்த்தேன். வீக்கம் இருந்தால் அப்படித்தான் தெரியும். வெளிப்பக்கமும் விரலால் தடவினேன். சுத்தமாக இருந்தது.

புது இரும்புக் கோலில் இப்போது இரண்டு கீறல், ஒன்று காலிக் குழலுக்கு, ஒன்று கெட்டித்த குழலுக்கு. மருந்தைக் கொட்டியதும் அளவுக் குழாயைக் கவிழ்த்து வைக்கிறேன். நிமிர்ந்து நின்றால் குண்டைத் தொடுவதில்லை.

டிசம்பர் மூன்றாம் வாரம் மறுபடி போனேன். முதல் வெடி சத்தமாகவே கிளம்பியது. புகையில் கந்தகத்தோடு லாரிப் பட்டறை வாடை. நாலாவது வெடி வரை அது போகவில்லை.