சைல்டு சப்போர்ட் பாக்கியும் ஃபார்ம்ல விட்ட காலி இடமும்

அமெரிக்காவுல சைல்டு சப்போர்ட்ல (பிரிஞ்சு இருக்கற அப்பாவோ அம்மாவோ குழந்தை செலவுக்கு கட்டணும்னு ஆர்டர் போடற தொகை) பாக்கி வெச்சா, ஆர்டரை மீறினதா கன்டெம்ப்ட் கேஸ் போட்டு ஜெயில் வரைக்கும் கொண்டு போறது ரொம்ப காலமா நடக்கற விஷயம். காசை வெச்சுக்கிட்டே டிமிக்கி குடுக்கறவன் மேல எனக்கு ஒரு பரிதாபமும் இல்ல. ஆனா நிஜமாவே கையில ஒண்ணும் இல்லாதவனை உள்ள தள்ளிட்டா அவன் எங்கருந்துங்க கட்டுவான்?

டர்னர் எதிர் ராஜர்ஸ்னு சவுத் கரோலினா கேஸ் ஒண்ணு. டர்னர்ங்கற அப்பாவுக்கு 5,700 டாலருக்கு மேல பாக்கி, போதைப் பழக்கம், முதுகு உடைஞ்சு போச்சுன்னு அவரே ஜட்ஜ்கிட்ட சொல்றாரு, ரெண்டு பக்கமும் வக்கீல் கிடையாது, கொஞ்ச நேரத்துல 12 மாசம் ஜெயில்னு முடிஞ்சுடுச்சு. இவரால கட்ட முடியுமா முடியாதான்னு குறிக்க வேண்டிய இடத்தை ஃபார்ம்ல காலியாவே விட்டுட்டாங்க, முக்கியமான கேள்வியே அதுதான! 2011ல சுப்ரீம் கோர்ட், வக்கீல் கட்டாயம்னு சொல்லல, ஆனா வருமான விவரத்தை கேளு, பதில் சொல்ல விடு, வசதி இருக்கா இல்லையான்னு தெளிவா முடிவு எழுதுன்னு சொல்லுச்சு.

அப்புறம் 2016ல ஃபெடரல் (மத்திய அரசு) பணத்துல பிஜேஏசின்னு, கன்டெம்ப்ட்டுக்கு மாற்று வழி தேடற ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பிச்சாங்க, அரிசோனா, கலிஃபோர்னியா, மிச்சிகன், ஒஹையோ, வர்ஜீனியால. கேஸ் போடறதுக்கு பதிலா சைல்டு சப்போர்ட் ஆபீஸ் கேஸ் ஒர்க்கர் முதல்ல பாக்கி வெச்சவரைக் கூப்பிட்டு மரியாதையா பேசி, ஏன் கட்டலன்னு காது குடுத்துக் கேட்டு, ஆர்டர்ல என்ன இருக்குன்னு புரிய வெச்சு, வேலை தேடவும் உதவி பண்ணனும், பணம் வர வேண்டிய அம்மாகிட்டயும் பேசணும்.

ரிசல்ட்? கன்டெம்ப்ட் கேஸ் குறைஞ்சுது, பணம் கட்டறது கூடல.

உடனே மரியாதையால என்ன பிரயோஜனம்னு கேக்கறாங்க. நான் அப்படிப் பாக்கல, கோர்ட்டுக்கு இழுக்காமலே விட்டாலும் வசூல் பெருசா விழுந்துடலன்னா அந்த இழுப்புக்கு அர்த்தம் என்னன்னுதான் கேக்கணும். இன்னொண்ணு, ஒருத்தன் கஷ்டத்தை பொறுமையா கேட்டுட்டு அதே தொகையை கட்டுன்னு அனுப்பினா அது பாதி வேலைதான், வருமானத்துக்கு ஏத்த மாதிரி ஆர்டரை மாத்தற வழியும் சுலபமா இருக்கணும்ல. முன்னாடி சில மாநிலங்கள்ல ஜெயில்ல இருக்கறதையே இஷ்டப்பட்டு வேலையை விட்டதா கணக்கு பண்ணி தொகையை குறைக்க மாட்டேன்னாங்க (ஜெயிலுக்கு யாருங்க ஆசைப்பட்டு போறாங்க!), 2016 டிசம்பர்ல வந்த ஃபெடரல் ரூல்தான் அதை நிறுத்துச்சு.

அதுக்காக அம்மா பக்கத்தை மறந்துடக் கூடாது. தொகை குறைஞ்சா இடிக்கறது அவங்க வீட்டு பட்ஜெட்லதான், அதனால குறைக்கறதுக்கு முன்னாடி காரணத்தை அவங்ககிட்ட சொல்லி அவங்க பதிலையும் ஃபைல்ல ஏத்தணும், பாதிப் பேரை விட்டுட்டு நியாயமா நடக்கறோம்னு சொல்ல முடியாது பாருங்க.